செக்கு அண்ணாச்சி பார்க்காத வலப்பக்கம்

2024 அக்டோபர் 12, சனிக்கிழமை, விஜயதசமி. காலை ஆறு மணி இருபத்தைந்து நிமிடம். முந்தின இரவு தூறிய தூறலில் மண், பொடி பறக்காத அளவுக்கு நனைந்திருந்தது. மேற்கு மலையின் மேல்பாதியை மேகம் மூடியிருந்தது. காற்று வேப்பிலையை அசைத்தது, கிளையை அசைக்கவில்லை. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், மனை பிரித்துக் கல் ஊன்றி யாரும் வாங்காமல் கிடந்த ஒரு நிலத்தின் மத்தியில், எழுபத்தொரு வயதில், இரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரையும் தலைசுற்றலுக்கு ஒரு மாத்திரையும் போட்டுக்கொண்டு நான் நின்றிருந்தேன். என் கையில் ஒரு கைப்பிடி. அதிலிருந்து அறுபதடி நீளத்துக்கு இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள். கம்பிகளின் மறுமுனையில் ஒரு விமானம். விமானத்தைப் பிடித்துக்கொண்டு செக்கு அண்ணாச்சி.

இந்த இரண்டு ஊர்களிலும் சேர்த்து அவரைப் போல ஒரு மனிதர் பிறந்ததில்லை. இனியும் பிறக்கக் கூடாது என்று அவர் தெருவில் உள்ள பதினாறு வீடுகளில் பதினான்கு வீட்டார் வேண்டிக்கொண்டார்கள். மீதி இரண்டில் ஒன்று அவருடைய வீடு. இன்னொன்று பூட்டிக் கிடந்தது.

அவரிடம் செக்கு எதுவும் கிடையாது. நூற்பாலைகளில் மிஞ்சும் கழிவுப் பஞ்சை வாங்கி விற்கிற வியாபாரி. பெயர் வந்தது விமானத்தால். அவருடைய விமானத்துக்கு ரிமோட் இல்லை. பறக்க விடுகிறவர் நடுவில் நிற்க வேண்டும். விமானம் இரண்டு கம்பிகளில் கட்டுண்டு, செக்கைச் சுற்றும் மாடு போல அவரைச் சுற்றி வரும். மணிக்கட்டை மேலே சாய்த்தால் மூக்கைத் தூக்கும், கீழே சாய்த்தால் குனியும். அவ்வளவுதான் வித்தை. ஆனால் இந்த இரண்டே அசைவில் குட்டிக்கரணம், தலைகீழ்ப் பறப்பு, சதுரம், முக்கோணம், எட்டு என்று ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசை முடியும்வரை நடுவில் நிற்பவர் அண்ணாந்து பார்த்தபடி, நின்ற இடத்திலேயே சுழல வேண்டும். ஐந்தரை நிமிடத்தில் அறுபத்து மூன்று சுற்று. எண்ணியது நான்தான்.

பெயரை நம்பி நல்லெண்ணெய் கேட்டு வந்தவர்கள் உண்டு. அண்ணாச்சி யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. உட்கார வைத்து, காப்பி கொடுத்து, விமானத்தைக் காட்டுவார். சேத்தூரிலிருந்து ஐந்து லிட்டர் கேனோடு வந்த ஒருவர் மூன்று மணி நேரம் கழித்து வெறும் கேனோடு போனார். இறக்கை ஏன் மேலே எழும்புகிறது என்று அவருக்கு முழுசாகத் தெரிந்துவிட்டது. அதன்பின் அவர் அந்தத் தெரு வழியாக வந்ததே இல்லை.

கல்லூரியில் மாணவர் படையின் விமானப் பிரிவில் சேர்ந்தபோது அவருக்கு இந்த வியாதி தொற்றியது. முதல் முப்பது வருடம் எண்ணெய் எஞ்சின். அதற்கான எரிபொருளில் விளக்கெண்ணெய் கலப்பது வழக்கம். எஞ்சின் ஓடும்போது அது தூறலாகத் தெறிக்கும். அவருடைய வேட்டி, சட்டை, தலையணை எல்லாவற்றிலும் விளக்கெண்ணெய் வாசம். தெருக் குழந்தைகள் அவரைத் தூரத்தில் கண்டாலே வாயை இறுக மூடிக்கொள்ளும்.

பிறகு மின்சார மோட்டார் வந்தது. சத்தமில்லை, வாசமில்லை, சார்ஜ் போட்டால் போதும். இத்தனை வருடத்துக்குப் பிறகாவது வீடு வீடாகும் என்று அண்ணாச்சியின் மனைவியான மதினி நினைத்தார். அந்த வாரமே அண்ணாச்சி அறிவித்தார்: இனி ஒரு மோட்டார் போதாது, இறக்கைக்கு ஒன்றாக இரண்டு.

"ஒண்ணுல பறந்தா அது பொம்மை. ரெண்டுல பறந்தாத்தான் விமானம்" என்றார்.

எனக்கும் அவருக்கும் பழக்கம் பஞ்சால் வந்தது. நான் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் முப்பத்தாறு வருடம் இருந்தவன். ஓய்வு பெற்ற மறுநாள் அண்ணாச்சி என் வீட்டுக்கு வந்து, "நீங்க சும்மா இருந்தாலும் எதையாவது எண்ணிக்கிட்டுத்தான் இருப்பீக. அதை எனக்காக எண்ணுங்க" என்று கூட்டிப் போனார். அன்றிலிருந்து அவர் வாயில் என் பெயர் "கணக்கு". எனக்கு எந்தக் காரியமும் நல்லபடியாக முடியும் என்ற நம்பிக்கை சின்ன வயதிலிருந்தே கிடையாது. அவருடன் சேர்ந்த பிறகு அந்த அவநம்பிக்கைக்கு வாரம் ஒருமுறை சான்று கிடைத்தது.

இரட்டை மோட்டார் விமானத்தை அவர் மொட்டைமாடித் தரையில் சாக்பீஸால் முழு அளவில் வரைந்தார். நான்கு நாள் வேலை. ஐந்தாம் நாள் இரவு மழை. வடிகால் வலப்பக்கம் இருந்ததால் வலது இறக்கை மட்டும் அழிந்து, இடது இறக்கையும் உடலும் வாலும் அப்படியே இருந்தன. காலையில் மதினி வந்து பார்த்து, "இதுவே போதும்னு சாமி சொல்லுது" என்றார். அண்ணாச்சி மறுபடி வரைந்தார்.

இந்த வகை விமானத்தில் இடது இறக்கை வலதைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்க வேண்டும். கம்பியின் எடையைத் தாங்குவது அந்தப் பக்கம் என்பதாலும், வட்டத்தின் உட்பக்கம் மெதுவாகப் போகும் என்பதாலும் அப்படி. அண்ணாச்சி முக்கால் இஞ்சு கூட வைத்திருந்தார். இழைத்துத் தரச் சொல்லி ஆசாரியிடம் இறக்கையைக் கொடுத்தோம். எட்டு நாள் கழித்துப் போனபோது ஆசாரி தனியாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அண்ணாச்சி, தப்பா நினைக்கக் கூடாது. இடப்பக்கம் முக்கால் இஞ்சு கூடப் போயிருந்துச்சு. யாருக்கும் தெரியாம அறுத்துச் சரி பண்ணிட்டேன். இதுக்குக் காசு வேண்டாம்."

அண்ணாச்சி அங்கேயே மரத்தூள் மேல் உட்கார்ந்துவிட்டார். எழுப்ப எனக்குப் பதினைந்து நிமிடம் ஆயிற்று. பெங்களூரிலிருந்து வரவழைத்த மரம் அது. கட்டைவிரலால் அழுத்தினாலே பள்ளம் விழும் அளவுக்கு லேசானது. மறுபடி வரவழைத்தார்.

அடுத்து எறும்பு. பாட்டரி உட்கார ஒரு லேசான தட்டு வேண்டும் என்று, ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்கிய பால்கோவாவின் அட்டைப்பெட்டியை வெட்டிப் பொருத்தினார். பால்கோவாவைத் தின்று முடித்திருந்தோம். ஆனால் அட்டை நெய்யைக் குடித்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விமானம் கிளம்பி, மூன்றாவது சுற்றில் மோட்டார்கள் இருமின. இறக்கித் திறந்து பார்த்தால், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலருக்கு உள்ளேயும் வெளியேயும் சித்தெறும்பு. ஓட்டுநர் இல்லாத விமானத்தில் குறைந்தது முந்நூறு பயணிகள். நூற்றுப்பத்துக்கு மேல் என்னால் எண்ண முடியவில்லை, ஓடிக்கொண்டே இருந்தன.

இரண்டு மோட்டாரில் வேறு ஒரு பயம் இருந்தது. வெளிப்பக்க மோட்டார் நின்றால் பரவாயில்லை. உட்பக்க மோட்டார் நின்றால், மிஞ்சிய மோட்டார் விமானத்தை நடுவில் நிற்பவரை நோக்கித் திருப்பிவிடும். கம்பி தொய்ந்துபோகும். கம்பி தொய்ந்தால் கைப்பிடி வெறும் கட்டை. அதனால் இரண்டும் ஒன்றாகவே ஓட வேண்டும், ஒன்றாகவே நிற்க வேண்டும். அதற்கு ஒரே டைமர். அந்த டைமர் வந்து சேர்வதற்கு முன்பே ஒருநாள் பறக்க விட்டுப் பார்த்தார்.

பேண்டேஜ் துணி காயப்போடுகிற களத்துக்குப் பக்கத்தில் நின்றோம். பதினோராவது சுற்றில் உட்பக்க மோட்டார் நின்றது. கம்பியை இறுக்க வேண்டுமானால் பின்னால் ஓட வேண்டும். அண்ணாச்சி விமானத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பின்னாலேயே ஓடினார். வரப்பைத் தாண்டினார், கயிற்றைத் தாண்டினார், காய்கிற துணிக்குள் முதுகாலேயே நுழைந்தார். விமானமும் பின்னாலேயே வந்தது. நான் போய்ப் பார்த்தபோது இருவரையும் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. களத்துக்காரர் நிதானமான மனிதர். விழுந்த இடத்திலேயே கட்டுப் போட்ட விமானத்தை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். பிறகு துணிக்குக் காசு கேட்டார்.

இப்படிப் பதினான்கு மாதம். விமானம் தயாரானது. அறுபது அங்குல இறக்கை, எதிரெதிராகச் சுழலும் இரண்டு விசிறி, இரண்டு பக்கமும் மயில்நீலப் பட்டை. ஒன்பது முறை முழு வரிசையையும் பறந்து பத்திரமாக இறங்கியது. எனக்கு அப்போதே பயம் வந்துவிட்டது.

பத்தாவது முறை வரவில்லை. ஒரு வியாழக்கிழமை காலை அண்ணாச்சி கண் விழித்தபோது வீடு சுற்றியது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு அவர் நடுவில் கிடக்க, அலமாரியும் ஜன்னலும் மதினியும் அவரைச் சுற்றி இடமிருந்து வலமாகப் பறந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் காது டாக்டரிடம் நான்தான் கூட்டிப் போனேன்.

டாக்டர் சின்ன வயதுக்காரர். காதுக்குள் பார்த்தார், தலையை அப்படியும் இப்படியும் சாய்த்தார், என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார்.

"பஞ்சு யாவாரம். மத்த நேரம் சுத்துவேன்."

"வெளியூர் சுத்துவீங்களா?"

"இல்ல, நின்ன எடத்துல."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அறுபத்து மூன்று சுற்று என்று சொன்னேன். அவர் செத்த நேரம் பேனாவை மூடி மூடித் திறந்தார். பிறகு, இனிமேல் ஒரு சுற்றுகூடக் கூடாது, விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும் என்றார். கோவிலில் பிரகாரம் சுற்றலாமா என்று அண்ணாச்சி கேட்டார். மெதுவாக, யாராவது கையைப் பிடித்துக்கொண்டு போகலாம், அண்ணாந்து கோபுரம் பார்க்கக் கூடாது என்றார் டாக்டர்.

பஸ்ஸில் திரும்பினோம். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. எல்லாம் இப்படித்தான் முடியும் என்று முன்பே எனக்குத் தெரியும் என்பதைத் தவிர என்னிடம் சொல்ல எதுவும் இல்லை. பாதி தூரம் வந்த பிறகு அவரே ஆரம்பித்தார்.

"கணக்கு, பறக்கயில அதோட வலப்பக்கம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது."

எனக்குப் புரியவில்லை. விளக்கினார். கம்பி இடது இறக்கையில்தான் இருக்கிறது. அதனால் நடுவில் நிற்பவருக்கு எப்போதும் விமானத்தின் இடப்பக்கம்தான் தெரியும். நேராகப் பறந்தாலும் அதுதான், தலைகீழாகப் பறந்தாலும் அதுதான்.

"அம்பது வருசமா விடுதேன். பதினேழு செஞ்சாச்சு. ஆடு மேய்க்கிறவன் பாத்திருக்கான், பஸ்ஸுல போறவன் பாத்திருக்கான், நீங்க உக்காந்து பாத்திருக்கீக. வலப்பக்கத்துக்கும் நான்தான பட்டை அடிச்சேன். நான் பாக்கல." கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் நடுங்கின. "இனி ஒண்ணு செய்ய இது ஒத்துக்காது. இருக்கிறது இது ஒண்ணுதான். யாராவது நடுவுல நின்னு விட்டா, நான் வெளிய நின்னு ஒரு தடவை பாத்துக்கிடுவேன்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிப் புளியமரங்களை எண்ண ஆரம்பித்தேன். ஒன்பதாவது மரத்தில் தோற்றுப்போனேன்.

பயிற்சி மொட்டைமாடியில் நடந்தது. விமானம் இல்லாமல், கைப்பிடியை நீட்டிப் பிடித்துக்கொண்டு நான் சுழல, அண்ணாச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எண்ணினார். எண்ணத் தெரியாத மனிதர். பன்னிரண்டுக்கு அடுத்து பதினைந்து சொன்னார். முதல் நாள் ஆறாவது சுற்றில் நான் துளசி மாடத்தைக் கட்டிப்பிடித்தேன். அன்று முதல் அவருடைய மாத்திரை அட்டையை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொண்டோம். காப்பி கொண்டு வந்த மதினி இருவரையும் பார்த்து, "ஒருத்தருக்குத்தான் கிறுக்குன்னு நெனச்சேன்" என்று தம்ளரை வைத்துவிட்டுப் போனார்.

இடம் தேடியது தனிக் கதை. எந்தப் பள்ளிக்கூடத்திலும் விடவில்லை. கடைசியில் அந்த மனை நிலம் கிடைத்தது. அண்ணாச்சி கட்டையும் கயிறும் வைத்து வட்டம் போட்டு, ஆள் வைத்துக் கல் பொறுக்கிப் பெருக்கினார். மறுநாள் போய்ப் பார்த்தால் வட்டத்தின் நட்டநடுவில், நான் நிற்க வேண்டிய இடத்தில், குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் ஒன்றும் கருகிய சூடமும் இருந்தன. யாரோ என்னவோ நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். வேறு இடம் பார்க்கலாம் என்றேன். காற்று இல்லாத இடம் இதுதான் என்றார் அவர்.

நாளையும் அவரே குறித்தார். எந்தப் படிப்பையும் விஜயதசமியன்று தொடங்க வேண்டும், எழுபத்தொரு வயதானாலும் அதுதான் முறை என்றார். முந்தின நாள் ஆயுத பூஜை. மதினி எதையும் விடவில்லை. கிரைண்டர், தையல் மிஷின், பஞ்சு நிறுக்கிற தராசு, மோட்டார் சைக்கிள், விமானம், கம்பிச் சுருள், கைப்பிடி என எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டார். விமானத்துக்கு மாலை போட வந்தபோது எடை கூடும் என்று அண்ணாச்சி தடுத்து, ஒரு செவ்வந்திப் பூவுக்கு மட்டும் அனுமதி கொடுத்தார். இரவு முழுக்க எல்லாம் சாமிக்கு முன்னால் இருந்தன. பூஜையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை முடியாமல் தொடக் கூடாது. விடிந்ததும் சூடம் காட்டி, அப்படியே எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது மூன்றுதான். கைப்பிடியில் சிவப்பு இருக்கிற முனை மேலே. கிளம்பும்போது மணிக்கட்டை ஆட்டாதே, அதுவாக எழும்பும். உயரே போனால் மெல்லக் கீழே சாய்.

நான் சிவப்பைப் பார்த்தேன். முனையில் பளிச்சென்று சிவப்பு. அதை மேலே வைத்துப் பிடித்தேன். கைப்பிடியின் வாரைக் கையில் மாட்டினேன்.

கிளம்பும் முன் ஒவ்வொரு முறையும் ஒரு சோதனை உண்டு. கைப்பிடியை மேலே சாய்க்க வேண்டும், விமானத்தைப் பிடித்திருப்பவர் வாலில் உள்ள மடல் மேலே எழும்புகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஐம்பது வருடத்தில் ஒருநாளும் அண்ணாச்சி அதை விட்டதில்லை. அன்று விட்டுவிட்டார். அவர் வால் பக்கமே பார்க்கவில்லை. வட்டத்தின் வெளிப்பக்கமாக மண்டியிட்டு, வலது இறக்கையின் ஓரமாகக் கன்னத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டைமரை அமுக்கினார். இரண்டு மோட்டாரும் ஒன்றாக ஓடின. கையை எடுத்தார்.

விமானம் எழும்பியது. நான் கையை மரம் போல நீட்டிக்கொண்டு சுழன்றேன். இடுப்பு உயரத்தில் ஒரு சுற்று முழுசாக வந்தது. அண்ணாச்சி எழுந்து நான்கு எட்டு வைத்துப் பின்னால் போய், வட்டத்துக்கு வெளியே நின்றிருந்தார். அவருக்கு நேரே வரும்போது விமானம் லேசாக மேலே ஏறியது. மெல்லக் கீழே சாய்த்தேன். இன்னும் ஏறியது. இன்னும் சாய்த்தேன். நட்டுக்குத்தாக ஏறியது. பயத்தில் மணிக்கட்டை முழுக்கக் கீழே மடக்கினேன். அது மல்லாந்து, தலைகீழாக வந்து, கீழே பாய்ந்து, தரைக்கு ஆறடி மேலே திரும்பவும் ஏறியது. ஒரு குட்டிக்கரணம்.

மணிக்கட்டைத் தளர்த்த எனக்குத் தைரியம் இல்லை. இரண்டு. மூன்று. "அண்ணாச்சி, என்ன செய்யணும்" என்று கத்தினேன். பதில் இல்லை. நான்கு. ஐந்து. ஒரே இடத்தில், அவருக்கு நேர் முன்னால், வட்டம் போட்டு வைத்தாற்போல. "அண்ணாச்சி, சொல்லுங்க" என்றேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆறு. ஏழு. என் மணிக்கட்டில் தசை பிடித்துக்கொண்டது. கை தானாக நிமிர்ந்தது. அந்த நேரம் விமானத்தின் மூக்கு நேராகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டு மோட்டாரும் ஒன்றாகவே நின்றன. அந்த ஏற்பாடு மட்டும் கடைசிவரை வேலை செய்தது.

பதினான்கு மாதத்தில் செய்தது. அன்று வானத்தில் இருந்தது முப்பது வினாடிக்கும் குறைவு. கைப்பிடியைப் பார்த்தேன். மேல் முனையில் மதினி இட்ட குங்குமம். அடிமுனையில், அண்ணாச்சியின் கட்டைவிரல் ஐம்பது வருடம் தேய்த்துத் தேய்த்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத பழைய சிவப்புப் பெயிண்ட். நான் தலைகீழாகப் பிடித்திருந்தேன். கீழே என்று சாய்த்ததெல்லாம் விமானத்துக்கு மேலே.

அறுபதடி நடந்துபோய் அவரிடம் கைப்பிடியை நீட்டினேன். அவர் குங்குமத்தைப் பார்த்துத் தலையசைத்தார்.

"ரெண்டாவது கரணத்துலயே தெரிஞ்சு போச்சு."

"தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை சொல்லல? ஒரு சத்தம் போட்டிருந்தா நிறுத்தியிருப்பேனே."

"அதான் சொல்லல" என்றார். மண்டியிட்டு, ஒடிந்த வலது இறக்கையை எடுத்து மண்ணைத் துடைத்தார். "நிறுத்திட்டா அது நேராப் போயிருமே. நான் நெனச்ச மாதிரி இல்ல கணக்கு. அதைவிட நல்லா இருக்கு."

அதற்குப் பிறகு அவராக விமானப் பேச்சை எடுக்கவே இல்லை. எனக்குத்தான் தூக்கம் போயிற்று. இன்னொன்று செய்யலாம் என்று நானே போய் நின்றேன். இப்போது மொட்டைமாடியில் அவர் சொல்லச் சொல்ல நான் மரம் வெட்டுகிறேன். கட்டைவிரலில் இதுவரை நான்கு தையல். இதுவும் என் கையிலேயே நொறுங்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மரம், மோட்டார் இரண்டு, பாட்டரி, கம்பி எல்லாம் சேர்த்து இருபத்திரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பது. அதிக நேரம் நின்றால் அவருக்குக் கிறுகிறுக்கிறது என்பதால், வட்டத்துக்கு வெளியே போட்டு உட்கார, கை வைத்த மடக்கு நாற்காலி ஒன்று, எண்ணூற்றுத் தொண்ணூறு. ஆக மொத்தம் எனக்குச் செலவு இருபத்துமூவாயிரத்து எழுநூற்று முப்பது ரூபாய்.